பந்து விழும் வீடு

எங்கள் ஆவரங்குளத்தில் கூடைப்பந்து வளையத்துக்குள் போன பந்து மற்ற ஊர்களில் விழுகிற மாதிரியே கீழே விழும், வளையத்தில் பட்டுத் தவறிய பந்து மட்டும் கீழே விழாது, மேலே போகும், வேப்பமரத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாமல் போய், ஒரு டீ ஆறுகிற நேரம் எங்கேயோ இருந்துவிட்டு, எறிந்தவருடைய மனசு அந்த நேரத்தில் எங்கே இருந்ததோ அங்கே போய் விழும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். போர்டுக்குப் புது பெயின்ட் அடித்ததால் என்றார்கள் சிலர், கம்பம் நட்ட மூலை சரியில்லை என்றார்கள் சிலர், திறப்பு விழாவுக்குத் தன்னைக் கூப்பிடாததால்தான் என்றார் கவுன்சிலர். மழை ஏன் பெய்கிறது என்று தெரிந்துகொண்டா குடையை விரிக்கிறோம்? பெய்கிறது, விரிக்கிறோம்.

நான் அந்த மைதானத்தில் ஸ்கோர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தை அமுக்குகிறவள். ஒரு காலத்தில் நானும் ஆடினேன், முட்டி போய்விட்டது, வாய் போகவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல என்னைவிட்டால் ஊரில் ஆள் கிடையாது, மற்றவர்கள் எல்லாம் முக்கியமான நேரத்தில் எங்கே போய் நின்றார்கள் என்பதைக் கடைசியில் நீங்களே பார்ப்பீர்கள்.

முதல் பந்து ஜெபமாலை மாஸ்டருடையது. ஜெபமாலை பெண்பிள்ளை, பாங்கில் வேலை, நாற்பது வயது, ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பதால் கைக்குழந்தை முதல் கமிஷனர் வரை எல்லாருக்கும் அவள் மாஸ்டர்தான். அன்றைக்குச் சாயந்திரம் வேலை முடிந்து, சமையல் முடித்து, பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, மாமியாருக்குப் பதில் கொடுத்து வந்திருந்த எங்கள் பெண்களை வரிசையாக நிறுத்தி, வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிப்பதற்குப் பெயர்தான் ரீபவுண்ட், அதைப் பிடிக்கத் தெரியாதவள் எத்தனை கூடை போட்டாலும் வீண் என்று பாடம் எடுத்துவிட்டு, தவறிய பந்து எப்படித் திரும்பும் என்று காட்டுவதற்காக அவளே ஒன்றை எறிந்தாள். அது வளையத்தில் பட்டது, மேலே போனது, வரவில்லை. எல்லாரும் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார்கள். கை வலித்ததும் இறக்கினார்கள். அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து புரோட்டா கடை சிக்கந்தர் பாய் வந்தார், கையில் பந்து, பந்து முழுக்க எண்ணெயும் மசாலாவும் சொட்டியது.

“மாஸ்டர், பசிச்சா ஆளை அனுப்புங்க, பந்தை அனுப்பாதீங்க. ஒரு அண்டா சால்னா போச்சு.”

சர்க்கரை நோய்க்காக ஜெபமாலை புரோட்டாவை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. விட்டவள் அவள், அவளை அது விடவில்லை போல.

அடுத்து எஸ்தர் எறிந்த பந்து மொபைல் கடை ராஜபிரபுவின் கண்ணாடிப் பெட்டியை உடைத்துக்கொண்டு அவன் மடியில் விழுந்தது, எஸ்தரின் அம்மா அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டுக்கும் அவன் திருதிருவென்று விழித்ததில் கல்யாணம் முடிவானது. கற்பகத்தின் பந்து அவள் வீட்டுச் சமையலறையில், அணைத்தோமா இல்லையா என்று அவள் நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருக்கிற கேஸ் அடுப்பின் மேல் விழுந்தது. வாசுகியின் பந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது, தொட்டிலில் இருந்த பிள்ளை சிரித்தது. அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்த வாசுகியின் மாமியார்தான் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள். “பந்து எங்கடி வந்துச்சு? நீதானடி வந்திருக்க” என்றாள், சொல்லிவிட்டு, அதுவரைக்கும் மருமகள் பந்தாட வருவதைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்றோடு திட்டுவதை விட்டுவிட்டாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை முதலில் மைதானத்துக்குக் கூட்டிவந்து ஒரு பந்தை எறியச் சொன்னார்கள், ஜாதகக்காரருக்கு வேலை குறைந்தது, அவரும் ஒருநாள் வந்து எறிந்து பார்த்தார், அது அவர் வீட்டுக் கட்டிலில் விழுந்தது, பாவம், தூங்கி நாளாகியிருக்கும். பூசாரியின் பந்து பொங்கல் பானையில் விழுந்தது, பங்குச் சாமியாரின் பந்து அவர் சமையல்காரர் மீன் பொரித்துக்கொண்டிருந்த சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது, அதன்பிறகு இரண்டு பேரும் தெருவில் பார்த்தால் முன்னைவிட அன்பாகச் சிரித்துக்கொண்டார்கள். தமிழாசிரியர் பட்டிமன்றத்தில் பேசுவதற்கு வசதியாக எறிந்தார், அவர் பந்து விழுந்த இடத்தைச் சொல்லக்கூடாது என்று அவர் மனைவி எங்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கவுன்சிலர் மட்டும் மூட்டு வலி என்று சொல்லிக் கடைசிவரை பந்தைத் தொடவே இல்லை, அதிலிருந்தே ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளியூர் அணிகள் ஆட வந்தால் அவர்கள் தவறவிட்ட பந்தெல்லாம் அவரவர் ஊருக்கே போய்விடும், மறுநாள் காலை முதல் பஸ் கண்டக்டர் கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து இறக்குவார், “உங்க ஊர் லக்கேஜை ஒருநாளாச்சும் நீங்களே வந்து எடுத்தா என்ன?” என்று சத்தம் போடுவார், நாங்கள் அவருக்கு டீ வாங்கிக்கொடுப்போம். ஓடு உடைந்தவர்கள் எறிந்தவரைத் திட்டுவார்கள், ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான், யாருடைய மனசிலோ நம் வீடு இருக்கிறதே என்று. ஒரு பந்தும் விழாத வீட்டுக்காரர்கள்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஜெபமாலைக்குத்தான் பிழைப்பு கெட்டது. தவறுகிற பந்தெல்லாம் சமையலறைக்கும் கடைத்தெருவுக்கும் போனால் ரீபவுண்ட் எடுப்பது எப்படி? “மனசைக் கோட்டுக்குள்ள கொண்டாங்கடி” என்று கத்திப் பார்த்தாள். கண்ணை மூடி மூச்சை இழுத்து உட்காரச் சொன்னாள், கற்பகம் குறட்டை விட்டாள். கடைசியில் ஒருநாள் சலித்துப்போய், மனசு இங்கே வரமாட்டேன் என்றால் மனசு போகிற இடத்தை இங்கே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். சொன்னபடியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வளையத்துக்குப் பின்னால் கோட்டை ஒட்டி வாசுகியின் தொட்டில் வந்தது, தொட்டிலுக்கு மேலே அவள் மாமியார் குடை பிடித்து நின்றாள். கற்பகத்தின் அடுப்பும் சிலிண்டரும் வந்தன, அடுப்பில் குக்கர், குக்கரில் அன்றைய ராத்திரிக்குப் பருப்பு. எஸ்தரின் ராஜபிரபு ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அதன்பிறகு பந்து மேலே போனாலும் திரும்பிவந்து கோட்டுக்கு ஒரு முழம் முன்னேயோ பின்னேயோ விழுந்தது, அந்த ஒரு முழத்துக்குள்தான் எங்கள் பெண்கள் ரீபவுண்ட் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பயிற்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்து கையை விட்டுப் போனதும் ஆளுக்கொரு எதிராளியைத் தேடிப்பிடித்து, அவளுக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, முழங்கையை விரித்து, அவளை ஒரு அடிகூட முன்னே வரவிடாமல் பின்னாலேயே நிறுத்திவைக்க வேண்டும். மற்ற ஊரில் இது ஒரு மூச்சு நேர வேலை. எங்கள் ஊரில் பந்து திரும்பி வருகிறவரை, ஒரு டீ ஆறுகிற நேரம், அப்படியே நிற்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கும், பிள்ளை அழும், ராஜபிரபு கொட்டாவி விடுவான், எங்கள் பெண்கள் முழங்காலை மடக்கியபடி நிற்பார்கள். இதனால் அவர்களுக்குத் தொடையும் இடுப்பும் ஏறிய ஏற்றத்தில், ஆவரங்குளம் பஸ்ஸில் எங்கள் அணிப் பெண் பிடித்த சீட்டை எந்த ஆம்பளையும் தள்ளி வாங்கியது கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள், பாண்டியம்மாள், அணியின் தலைவி, அவளுக்கு மட்டும் வளையத்துக்குப் பின்னால் எதையும் வைக்கவில்லை. ஏனென்றால் அவள் பந்து தவறியதே இல்லை.

பாண்டியம்மாளுக்கு இருபத்தேழு வயது. அண்ணன் முத்துக்காமாட்சியின் பாத்திரக் கடையில் ஏணி போடாமல் மேல்தட்டு அண்டாவை இறக்குகிற உயரம். மற்றவர்கள் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவாள், வளையத்துக்கு இடப்பக்கம் ஒரு எட்டு வைத்து இடக்கையால் போடுவாள், விழுகிற பந்தைத் தரையைத் தொடவிடாமல் பிடித்து வலப்பக்கம் ஒரு எட்டு வைத்து வலக்கையால் போடுவாள், மறுபடி இடம், மறுபடி வலம், தறியில் நாடா ஓடுகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் தள்ளிப்போய் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, தரையில் ஒரு தட்டுத் தட்டி, எறிவாள், போகும், எறிவாள், போகும். அதோடு மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே பந்து எங்கே விழும் என்று சொல்லிவிடுவாள். “மாஸ்டர், இன்னிக்கு உங்க பந்து புரோட்டா கடைக்குப் போகாது, புது பிரியாணிக் கடை திறந்திருக்காகல்ல, அங்கிட்டுப் போகும்” என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே அங்கே போய் நின்று பிடித்துக்கொண்டு வருவாள். எல்லாருடைய மனசுக்கும் அவள் வழி அறிந்தவள், அவள் மனசுக்குப் போகிற வழிதான் ஒருவருக்கும் தெரியாது.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் மனசெல்லாம் தெருவில் உருண்டு கிடக்கிறது, இவளுடையது மட்டும் என்ன பீரோவிலா பூட்டி இருக்கிறது என்று பேசினார்கள். யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள், மாட்டிக்கொள்ளக் கூடாதென்றுதான் தவறவிடாமல் எறிகிறாள் என்றது ஒரு கட்சி. அவளுக்கு மனசே கிடையாது, எலும்பும் உயரமும்தான் என்றது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டு கட்சிமேலும் கோபம். ஒரு பெண்பிள்ளை ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆம்பளையோ ஒரு குறையோ இருந்தே ஆக வேண்டுமா?

அவள் அண்ணனுக்கு அவளை அரிசி மில் தங்கமாயனுக்குக் கொடுக்க ஆசை. தங்கமாயன் நல்லவன்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் உமி பறக்கிற மாதிரி பேசிக்கொண்டே இருப்பான். பாண்டியம்மாள் மாட்டேன் என்றாள், யாரையாவது நினைச்சிருக்கியா என்றால் இல்லை என்றாள், பின்னே என்னதான்டி வேணும் என்றால் ஆடணும் என்றாள். இது மூன்று வருஷம் நடந்தது. கடைசியில் முத்துக்காமாட்சி கடை வாசலில், வாடிக்கையாளர்கள் முன்னால், ஒரு பித்தளைக் குடத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

“இந்தா பாரு, இந்த வருஷம் மிராசுதார் கோப்பையை நீ வாங்கிட்டு வந்துட்டா, உன் கல்யாணப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன், நீ கிழவியாகிற வரைக்கும் பந்து ஆடு. கோப்பை வரலைன்னா தங்கமாயன். நடுவுல எப்பயாச்சும் உன் பந்து தவறுச்சுன்னா, அது எந்த வீட்டுல விழுதோ அந்த வீடு. சம்மதமா?”

“சம்மதம்ண்ணே” என்றாள் பாண்டியம்மாள், குடத்தின் மேல் அவளும் கையை வைத்தாள். தவறப்போவதில்லை என்ற தைரியம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஊரைக் கெடுத்தது. எந்த வீட்டில் விழுமோ அந்த வீடு! கல்யாணமாகாத பையன் இருக்கிற வீடெல்லாம் மொட்டைமாடியைக் கழுவிக் கோலம் போட ஆரம்பித்தது. பல் டாக்டர் வாலிபால் வலையை மாடிக்குமேல் குறுக்கே கட்டினார், பந்து அடிபடாமல் விழ வேண்டுமாம். காலேஜ் வாத்தியார் ஒருவர் அவள் மனசில் இடம் பிடிப்பதற்காகத் தினம் ஒரு கவிதை எழுதி மைதானத்து வேப்பமரத்தில் ஒட்டினார், அதை ஆடு தின்றது. தங்கமாயன் பயிற்சி நேரத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கோட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பையன் இல்லாத வீட்டுக்காரர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மருமகனையோ ஒன்றுவிட்ட தம்பியையோ வரவழைத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பாண்டியம்மாள் இடம், வலம், இடம், வலம் என்று போட்டுக்கொண்டே இருந்தாள்.

மிராசுதார் கோப்பையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை ஏற்படுத்திய மிராசுதாருக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் ஆகாது. இரண்டு அணியும் சமமாக முடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஆடவிடுகிற வழக்கமெல்லாம் எங்கள் கோப்பையில் கிடையாது. சமம் என்றால் போன வருஷம் வைத்திருந்தவர்களே கோப்பையை வைத்துக்கொள்ள வேண்டியது, மிராசுதார் எழுந்து சாப்பிடப்போக வேண்டியது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் இந்த விதியை நாங்கள் மாற்றவில்லை, எங்களுக்கும் பசிக்கும் அல்லவா. போன வருஷம் கோப்பை வைத்திருந்தது குன்னத்துப்பட்டி அணி. எங்கள் மைதானத்தின் சங்கதி தெரிந்து, தூரத்திலிருந்து எறிவதையே விட்டுவிட்டு, வளையத்துக்கு அடியில் வந்து மெதுவாகப் போடுகிற ஆட்டத்தைப் பழகிவந்த கெட்டிக்காரிகள்.

இறுதி ஆட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. தொட்டில் வந்திருந்தது, குக்கர் வந்திருந்தது, வெளியூரிலிருந்து வந்த நடுவர் தெய்வசிகாமணி சிலிண்டரைப் பார்த்து விசிலை வாயிலிருந்து எடுத்தார், அப்புறம் விதிப்புத்தகத்தில் கோட்டுக்கு வெளியே சிலிண்டர் கூடாது என்று எங்கேயும் இல்லாததால் மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். பாண்டியம்மாளின் அம்மா ஒச்சம்மாள் முதல் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள், முட்டி வலிக்காரி, உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஆட்டம் முழுக்கக் குன்னத்துப்பட்டிதான் ஒரு படி மேலே. கடைசி நிமிஷங்களில் மூன்று புள்ளி பின்னால் நின்றோம். அப்போது கற்பகத்தின் பந்து தவறி, மேலே போய், குக்கருக்கு முன்னால் ஒரு முழத்தில் இறங்க, பாண்டியம்மாள் அதைக் காற்றிலேயே பிடித்து அங்கேயே உள்ளே போட்டாள், போடும்போது எதிராளி ஒருத்தி அவள் கையில் அடித்தாள். கூடைக்கு இரண்டு புள்ளி சேர்ந்தது, அடித்ததற்கு ஃப்ரீ த்ரோவும் ஒன்று கிடைத்தது, உள்ளே போனால் ஒரு புள்ளி. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், ஒரு எறி பாக்கி, கடிகாரத்தில் கண் சிமிட்டுகிற நேரம் பாக்கி.

ஊர் கைதட்டியது. அவள் பந்துதான் தவறாதே, போடுவாள், சமமாகிவிடும் என்று கைதட்டிக்கொண்டே இருக்கும்போது யாரோ ஒருவருக்கு மிராசுதாரின் வயிறு ஞாபகம் வந்தது. கைதட்டல் ஓரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது. போட்டால் சமம். சமம் என்றால் கோப்பை குன்னத்துப்பட்டிக்கு. கோப்பை போனால் தங்கமாயன். கோப்பை வர வேண்டும் என்றால் அவள் தவறவிட வேண்டும், தவறிய பந்தைப் பிடித்து மறுபடி போட வேண்டும், தவறவிட்டாலோ பந்து போய் விழுகிற வீடு.

தங்கமாயன் கூலிங் கிளாஸைக் கழற்றினான். கூடை விழுந்தால் அவனுக்கு.

பாண்டியம்மாள் கோட்டில் நின்று பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஜெபமாலையைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாஸ்டர், விட்டுரட்டா?”

“விட்டா எங்கடி போகும்?”

“தெரியல மாஸ்டர். நானும் இதுவரைக்கும் பார்த்ததில்லையே.”

அவள் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஊரெல்லாம் அவள் ஒளித்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவளுக்கே அவள் மனசு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறது. நடுவர் விசில் அடித்தார்.

எறிந்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் தட்டையாக எறிந்தாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் டங்கென்று பட்டது, மேலே போனது, வேப்பமரத்தைத் தாண்டியது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது, காணாமல் போனது.

இங்கே கடிகார விதி ஒன்று உண்டு, அது என் இலாகா. தவறிய ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு மைதானத்தில் ஆடுகிற யாராவது பந்தைத் தொட்டால்தான் கடிகாரம் ஓடும். பந்து வானத்தில் இருக்கிறது. வானத்தில் யாரும் தொடவில்லை. ஆகவே நேரம் நின்றது, நான் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விநாடி ஊர் அண்ணாந்து பார்த்தது. அடுத்த விநாடி ஊர் ஓடியது. ஐயோ, அந்த ஓட்டத்தை என்ன சொல்வேன்! பல் டாக்டர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். காலேஜ் வாத்தியார் கவிதைப் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினார். பையன் இருக்கிற வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஓடினார்கள், பையன் இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்க எந்த மாடி தோதாக இருக்கும் என்று பேசிக்கொண்டே ஓடினார்கள், முத்துக்காமாட்சி கடை வாசலுக்கு ஓடினான், எங்கே விழுந்தாலும் முதலில் அங்கேதான் வந்து சொல்வார்கள் என்று. தங்கமாயன் பின்னங்கால் பிடரியில் அடிக்க மில்லுக்கு ஓடி நெல் காயப்போடுகிற களத்தில் பட்டு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். ராஜபிரபுகூட ஹெல்மெட்டோடு ஓடினான், அவன் எதற்கு ஓடினான் என்று எஸ்தர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். டீ பாதி ஆறுவதற்குள் மைதானத்தில் ஆட்டக்காரிகளும், நடுவரும், நானும், ஜெபமாலையும், தொட்டிலும் குடையும், எழுப்ப ஆளில்லாத ஒச்சம்மாளும்தான் மிச்சம்.

“இடத்தை விடாதீங்கடி! பின்னாடி நிறுத்துங்கடி!” என்று ஜெபமாலை கத்தினாள்.

எங்கள் பெண்கள் முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, முழங்கையை விரித்து, ஆளுக்கொரு குன்னத்துப்பட்டிக்காரியை முதுகால் நிறுத்தி நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். குன்னத்துப்பட்டிக்காரிகளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது, அவர்களுக்குக் கால் உதறியது.

“அக்கா, கொஞ்சம் தள்ளுங்கக்கா. பந்துதான் உங்க ஊருக்குள்ள போயிருச்சுல்ல, எவன் வீட்டுலயோ விழுந்திருக்கும். கோப்பை எங்களுக்குத்தான்” என்றாள் அவர்களில் நெட்டையானவள்.

“விழட்டும்டி” என்றாள் கற்பகம், இன்னும் கொஞ்சம் இடுப்பை இறக்கி.

குன்னத்துப்பட்டிக்காரி ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனாள். ஒருத்தி வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தாள். நெட்டைக்காரி கூந்தலை அவிழ்த்து மறுபடி முடிய ஆரம்பித்தாள். பாண்டியம்மாள் வளையத்துக்கு அடியில் நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது என் மேசைக்குத் தெரிந்தது. ஊர் மாடிகளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது.

அப்போது வந்தது பந்து. மாடிக்குப் போகவில்லை, மில்லுக்குப் போகவில்லை, வேறெங்கேயும் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, உலகத்தில் எல்லா ஊர்களிலும் தவறிய பந்து எப்படித் திரும்பி வருமோ அப்படி, நேராக, வளையத்துக்கு அடியில், அவள் கையில் வந்து விழுந்தது. நான் பொத்தானை அமுக்கினேன். அவள் முழங்கால் மடங்கியது, எழும்பினாள், கூந்தலை முடிந்துகொண்டிருந்தவள் கையை எடுப்பதற்குள் பந்து போர்டில் பட்டு உள்ளே போனது. விசில். நடுவருடைய விசிலா குக்கருடையதா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்தே அடித்தது.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம், பார்க்கத்தான் ஆளில்லை. பாண்டியம்மாள் அப்படியே வளையத்துக்கு அடியில் உட்கார்ந்து, பந்தை மடியில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஒச்சம்மாள் யாரும் எழுப்பாமல் தானே எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குள் வந்து, மகளின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள்.

“எங்கிட்டெங்கிட்டோ தேடிக்கிட்டு இருந்தோம்டி உன்னை” என்றாள். “நீ இங்கனயே இருந்திருக்க.”

இருட்டுகிற நேரத்தில் முத்துக்காமாட்சி மூச்சு வாங்க வந்து என் மேசையில் கையை ஊன்றினான். எந்த வீடு, எந்த வீடு என்று கேட்டான். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவன் கம்பத்தைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், கம்பத்துக்குக் கீழே கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த தங்கச்சியைப் பார்த்தான்.

“நல்ல இடம்தான்ண்ணே” என்றாள் அவள். “மாமியார்கூட இல்ல.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பித்தளை இல்லை, முலாம்தான் என்றான், அப்புறம் அவனும் அதில் தண்ணீர் குடித்தான். மாடிகளில் இருந்தவர்களுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மில் களத்தில் வேட்டியை விரித்தபடி தங்கமாயன் வானத்தையே பார்த்து நின்றுகொண்டிருந்ததை வீட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டோம்.